நாக்கில் வைத்துப் பார்த்த செம்பு

அந்தக் காந்தம் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவு, லாட வடிவம். வளைவில் கட்டியிருந்த சணல் கயிறு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து இறுகிப்போயிருந்தது. இரண்டு முனைகளிலும் இரும்புத் தூள் ஒட்டி, பல நாள் மழிக்காத தாடிபோல நின்றது. அம்பத்தூர்ப் பட்டறையை இடித்து மனையை அடுக்குமாடி கட்டுகிறவருக்குக் கொடுக்கப்போவதாகவும், உள்ளே கிடப்பதையெல்லாம் நான் வந்து ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்றும் அக்கா சென்ற மாதம் போன் செய்திருந்தாள். ஷட்டரைத் தூக்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். பழைய லேத்தின் கைப்பிடியைக்கூட ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். காந்தத்தை மட்டும் தொடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த அருவருப்பு போகவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

அது என் அக்காவின் கணவருடைய காந்தம். வீட்டு வழக்கப்படி நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். பழைய மின்சார மீட்டர் ஒன்றை உடைத்து அதிலிருந்து எடுத்தது. எண்பதுகளின் கடைசியில், படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் கொரட்டூர் ஏரிக்கரையில் நான் சும்மா திரிந்துகொண்டிருந்தபோது, மாமாதான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். தொழிற்பேட்டையை ஒட்டிய சந்தில் ஓட்டுக் கூரை போட்ட பட்டறை. இரண்டு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு பவர் பிரஸ். ஜன்னலுக்கும் கதவுக்குமான கீல்கள் செய்தோம். சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் எதையும் வரிசையாக வைக்கிறவன். அன்றன்று நடந்ததை அன்றே எழுதி வைக்கிறவன். இந்தக் குணம் மாமாவுக்குப் பிடித்திருந்தது. "நம்ம மச்சான் கையில சரக்கு குடுத்தா ஒரு ஆணிகூட ஓடிப்போகாது" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அந்தப் பாராட்டில் எனக்கு அன்று பெருமை இருந்தது.

பழைய உலோகத்தை விற்பதில் மாமாவுக்கு இணையாக அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அது வெறும் பேச்சல்ல, உண்மை. மற்றப் பட்டறைக்காரர்கள் மாதக் கடைசியில் கழிவையெல்லாம் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுக் காயலான்கடைக்காரரிடம் கொடுத்து, அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். மாமா அப்படிச் செய்ய மாட்டார். "கலந்து வித்தா கழுதை வெலை, பிரிச்சு வித்தா குதிரை வெலை" என்பது அவர் வாக்கு. வார்ப்பிரும்பு ஒரு மூலை, தகடு ஒரு மூலை, லேத்தில் சீவிய இரும்புச் சுருள் ஒரு டிரம். பித்தளை தனி டிரம். செம்பு மட்டும் பெரிய பால்பவுடர் டின்னில், பீரோவுக்குள், பூட்டி. எல்லாவற்றையும் காந்தத்தால் தொட்டுப் பார்ப்பார். பித்தளைக் குழாயில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு ஆணி இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டி எடுத்துவிட்டால் 'இரும்பு கலந்த சரக்கு' என்று சொல்லி எடையைக் கழிக்க முடியாது. தராசு எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் கூப்பிடக் கூடாது, குறைந்தது மூன்று பேரைக் கூப்பிட்டு ஒருவர் முன்னால் ஒருவரை விலை கேட்கவைக்க வேண்டும். அவசரத்துக்கு விற்கவே கூடாது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது பாத்திரக்காரர்கள் செம்பையும் பித்தளையையும் தேடுவார்கள். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். எங்கள் மாதா கோயிலில் பழைய இரும்பு கேட்டை விற்றபோது பங்குச் சாமியாரே மாமாவைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நன்றி சொன்னபோது மாமா எழுந்து நின்று கைகூப்பினார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

இதில் தவறு எதுவும் இல்லை. இன்று யார் கேட்டாலும் நானும் இதையே சொல்வேன்: பிரித்து வையுங்கள், சுத்தம் செய்யுங்கள், மூன்று இடத்தில் விசாரியுங்கள். ஆனால் மாமா அதோடு நிற்கவில்லை. இரும்புச் சுருள் டிரம்மில், லேத்தில் ஊற்றும் வெள்ளை எண்ணெய்த் தண்ணீரை விற்பதற்குச் சில நாள் முன்பே கொட்டி ஊறவைப்பார். எடை கூடும். இரண்டு மூன்று நாளானால் அது புளித்து நாறும். செத்த எலியும் மண்ணெண்ணெயும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. அதற்குள் கையை விட்டுக் கிளறி "நல்லா குடிச்சிருக்குடா" என்பார். மின்சார வயர்களைப் பட்டறைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவார். பின்பக்கக் குடியிருப்பில் துணி காயப்போட்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்துவார்கள். "வெள்ளத் துணிய உள்ள காயப்போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பியால் சாம்பலைக் கிளறுவார். எல்லாவற்றையும்விட என்னால் பார்க்க முடியாத ஒன்று உண்டு. காந்தத்தில் ஒட்டாத உலோகம் செம்பா, பித்தளையா, கலப்பா என்று சந்தேகம் வந்தால் எடுத்து வேட்டியில் ஒரு தேய் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். சாக்கடைக் குழாயிலிருந்து கழற்றிய வளையமாக இருந்தாலும் சரி. கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "செம்பு" என்பார். அது சரியாகவும் இருக்கும். அதே நாக்கோடு மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து அக்கா கொடுத்தனுப்பிய மீன்குழம்பைச் சாப்பிடுவார். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவேன்.

பவர் பிரஸ்ஸில் வேலை செய்தது ஒரு பெண். திருவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருவார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'பிரஸ்ஸம்மா'. கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் உண்டு. பெரிய குரல், எதற்கும் ஒரு பதில். வலது கை நடுவிரலில் திருவேற்காட்டுக் கோயில் வாசலில் வாங்கிய செப்பு மோதிரம் போட்டிருந்தார். அம்மன் முகம் பதித்தது. ஆனால் முகம் தேய்ந்து மூக்கு மட்டும்தான் மிச்சமிருந்தது. "உன் சாமி மூக்குக்கு இன்னா வெலை போடுவாரு ஓனரு?" என்று லேத்தில் இருந்தவர் ஒருநாள் கேட்டார். "அவரு மூக்கையே வித்துடுவாருப்பா, நீ வேற" என்றார் பிரஸ்ஸம்மா. மாமா காதில் விழுந்தது. அவரும் சிரித்தார். எத்தனை கீல் அடிக்கிறாரோ அதற்குத்தான் கூலி, வாரக் கடைசியில் கையில். பெண்களுக்கு வருகைப் பதிவு எதையும் மாமா வைத்துக்கொள்வதில்லை.

பிரஸ் என்பது எளிய இயந்திரம்தான். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் மேல் அச்சு ஒருமுறை இறங்கி அடித்துவிட்டு மேலே போய் நின்றுகொள்ளும். அதை நிறுத்திப் பிடிக்கும் எஃகுத் துண்டு தேய்ந்துபோனால், மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். எங்கள் பிரஸ் அந்த வருடம் கோடை தொடங்கியதிலிருந்தே அப்படி அடிக்க ஆரம்பித்தது. பிரஸ்ஸம்மா மாமாவிடம் வந்து சொன்னபோது நான் அருகில் இருந்தேன்.

"மொதலாளி, ஒருவாட்டி மிதிச்சா ரெண்டுவாட்டி எறங்குது. ஆள கூப்ட்டு பாருங்க."

"ஒரு மிதிக்கு ரெண்டு அடியா? அப்போ எனக்கு லாபம்தானம்மா."

"கை உள்ள கீறப்போ எறங்குனா லாபமா?"

"கைய வெளிய வச்சுக்க. கை உன்னுதுதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த எஃகுத் துண்டு விரல் நீளம்கூட இருக்காது. புதிது வாங்கப் பாரிமுனைக்குப் போக வேண்டும். ஆவணி விற்பனை முடிந்ததும் வாங்கலாம் என்றார். தேய்ந்ததையே திருப்பிப் போட்டு ஓட்டும்படி ஃபிட்டரிடம் சொன்னார்.

விபத்தை நான் விவரிக்கப்போவதில்லை. வலது கையில் நடு மூன்று விரல்கள். அவர் கத்தவில்லை, கத்தியது லேத்தில் இருந்தவர். நான் என் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றினேன். ஆட்டோ கொண்டுவர ஒருவர் ஓடினார். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டுப் பிரஸ் அருகே போய்க் குனிந்தார். அவருடைய முதல் வார்த்தை எனக்குக் கேட்டது. "டை ஒடையல" என்றார். டை என்பது அந்த அச்சு. அவர் குரலில் இருந்தது நிம்மதி. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. ஆனால் அந்த மனிதரை நான் முதன்முதலில் வெறுத்தது அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பிரஸ்ஸம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருகே அவர் பெண், பள்ளிச் சீருடையில். "தம்பி, என் மோதிரம் ஆப்டுச்சா?" என்று கேட்டார். விரலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் மறுநாள் போய், ரத்தத்தின்மேல் கொட்டியிருந்த மரத்தூளைச் சல்லடையில் சலித்தேன். பிரஸ்ஸின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஆணியாக இருந்தால் காந்தத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலே வந்துவிடும். செம்பு அதில் ஒட்டாது. மாமாவிடம் கேட்டேன். "இன்னா மோதிரம்? அதெல்லாம் அன்னிக்கே குப்பையோட போயிருக்கும்" என்றார்.

அதற்கு மறுவாரமே பிரஸ்ஸைக் கழற்றத் தொடங்கினார். முழுதாகவே எடுத்துக்கொள்ள ஆவடியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மாமா ஒப்பவில்லை. முழு இயந்திரம் என்றால் வார்ப்பிரும்பு விலைதான் போடுவார்கள், உள்ளே இருக்கிற செம்பும், செம்புக் கலப்பான கன்மெட்டலும் இனாமாகப் போய்விடும் என்றார். ஆகவே பிரித்தார். எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிற மாதிரி, பொறுமையாக. ஃபிட்டரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, அச்சை அவரே தனியாக உட்கார்ந்து கழற்றிச் சுத்தம் செய்தார். வார்ப்பிரும்பை உடனே விற்றார். மோட்டாரின் செப்புக் கம்பியும், சக்கரத்துக்குள் இருந்த கன்மெட்டல் வளையமும், பித்தளைப் பெயர்த்தகடும் ஆவணிக்காகக் காத்திருந்தன. பிரஸ் நின்ற இடத்தில் போல்ட் குழிகளைச் சிமென்ட் பூசி மூடினார்.

பிரஸ்ஸை ஏன் மறுவாரமே கழற்றினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிரஸ்ஸம்மா நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்திருந்தார். அதற்கு மாமாவின் பதில் ஒரே வரி: என் பட்டறையில் பவர் பிரஸ்ஸே கிடையாது, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

அன்று மாலை அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "யாராவது கேட்டா நீ ஒண்ணும் சொல்லாதடா. பசங்க படிக்கணும். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் பணம் நானே சீட்டுலேர்ந்து தனியா குடுத்துடறேன்." சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மாமா பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன்க்கா" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆவணி பிறந்தது. மாமா வழக்கம்போல மூன்று வியாபாரிகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் வருவதாக இருந்த நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து இறங்கினார். நடுத்தர வயது, வெளுத்த சட்டை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. கூடவே பிரஸ்ஸம்மா. வலது கையை முந்தானையால் மூடிக்கொண்டு, உள்ளே வராமல் வாசல் மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றார்.

இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்தார். புதுச் சிமென்ட்டின்மேல் நின்று காலால் தேய்த்தார். "இங்க என்ன இருந்தது?"

"பழைய ட்ரில்லிங் மெஷின் சார். நாங்க கீலுக்கு ஓட்டை மட்டும்தான் போடுவோம். தகடு வெளியிலேர்ந்து அடிச்சே வருது."

லேத்தில் இருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் தலையைத் தூக்கவில்லை. என்னிடம் கேட்டார். "இவங்க இங்கதான் வேலை செய்தாங்க. பிரஸ்ஸும் அந்த இடத்துலதான் இருந்தது" என்றேன். மாமா கோபப்படவில்லை. என் தோளில் கைபோட்டார். "என் மச்சான் சார். சம்பளம் ஏத்திக் குடுக்கலன்னு என்மேல வருத்தம். குடும்ப விவகாரம், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க." அந்தக் கையில் புளித்த எண்ணெய் வாடை அடித்தது. இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். பொருளாக எதுவும் இல்லை. "சரி, பாக்கலாம்" என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மாமா டீ வரவழைத்தார். பிரஸ்ஸம்மாவுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். அறிவுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள், ஆவணி விலை, திருப்பி அனுப்பினால் மூவரும் வெளியே போய்ப் பேசிவைத்துக்கொண்டு விலையை இறக்கிவிடுவார்கள். மாமாவால் அதைத் தாங்க முடியாது. இன்ஸ்பெக்டரின் வேலை முடிந்துவிட்டது என்றும் அவர் நினைத்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்து பால்பவுடர் டின்னை எடுத்துவந்து முற்றத்தில் சாக்கை விரித்துக் கொட்டினார்.

மூவரில் ஒருவர், உள்ளூரிலேயே கடை வைத்திருந்த அம்பத்தூர்க்காரர், வம்புக்குப் பேர்போனவர். எந்தச் சரக்கையும் முதலில் மட்டம் தட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். அது அவர் தொழில் முறை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குவியலைக் கிளறினார்.

"இன்னா மொதலாளி, செம்புன்னு சொல்லிட்டு இன்னாத்தையோ கலந்து வச்சிகினுகீற. எங்க வாங்குன இத?"

"வாங்குனதா? நான் யார்கிட்டயும் வாங்கி விக்கறவன் இல்ல. அத்தனையும் என் பட்டறைச் சரக்கு."

"அப்ப இது இன்னா?" விரல் நுனியில் ஒரு சின்ன வட்டத்தைத் தூக்கிக் காட்டினார். காசுபோலத் தட்டையாக, நடுவில் ஒடுங்கிய ஓட்டையோடு இருந்தது. "தகரத்துக்கு முலாம் பூசினு வந்துகீற. இந்த மாரி இன்னும் எத்தினி கீதோ உள்ள. நா கலப்பு வெலைதான் போடுவேன் நைனா."

மற்ற இரண்டு வியாபாரிகளும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். மாமாவின் முகம் சிவந்துபோனதைப் பார்த்தேன். பிரஸ் இருந்தது என்று நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோதுகூட அது அப்படிச் சிவக்கவில்லை. "மச்சான், காந்தம்" என்றார். நான் நகரவில்லை. அவரே போய் ஆணியிலிருந்து எடுத்துவந்து அந்த வட்டத்தின்மேல் வைத்துத் தூக்கிக் காட்டினார். ஒட்டவில்லை.

"பித்தளைகூடத்தான் ஒட்டாது" என்றார் அம்பத்தூர்க்காரர். "மஞ்சளா வேற தெரிது."

மாமா அதை வேட்டியில் தேய்த்தார். நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். "செம்பு" என்றார். "சுத்தச் செம்புய்யா. பிரஸ்ஸக் கழட்டறப்போ அடி டையில பதிஞ்சு கெடந்தது. நானே கத்தியால சொரண்டி எடுத்து, மண்ணெண்ணையில கழுவிப் போட்டேன். என்கிட்ட வந்து கலப்புன்றியே."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எந்தப் பிரஸ்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மாமா அந்த வட்டத்தை விரலிடுக்கில் பிடித்தபடியே நின்றார். அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது அவருக்கே மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. பிரஸ்ஸம்மா மீட்டர் பெட்டியை விட்டு நடந்து வந்தார். மாமாவின் கையிலிருந்து அதை இடது கையால் எடுத்தார், பிடுங்கவில்லை, எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "மூக்கு கீது" என்றார், யாரிடமென்று இல்லாமல். இன்ஸ்பெக்டர் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. "நானே புட்ச்சிக்கிறேன், நீ எழுதிக்க சார்" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு பக்கத்தில் தேய்ந்த அம்மன் முகம் நசுங்கியிருந்தது. மறுபக்கத்தில் நேரான ஒரு கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அருகிலிருந்த சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு கீலை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார்ந்தது. அதன்பிறகு அந்தக் குவியலிலிருந்து பித்தளைப் பெயர்த்தகட்டையும் கன்மெட்டல் வளையத்தையும் அவரே பொறுக்கித் தனியாக வைத்தார்.

அம்பத்தூர்க்காரர் எழுந்து கையைச் சாக்கில் துடைத்தார். பிறகு வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். "த்தூ. நா இன்னாத்தையா கையில புடிச்சுகினு இருந்தேன்" என்றார். அன்று அந்த முற்றத்தில் பேசப்பட்ட நேர்மையான பேச்சு அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. நான் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து என் சைக்கிளை எடுத்தேன். அதற்குப் பிறகு அங்கே வேலைக்குப் போகவில்லை.

பிரஸ்ஸம்மாவுக்கு நஷ்டஈடு வந்தது. உடனே கட்ட வேண்டியிருந்ததால் மாமா டிரம்களையெல்லாம் ஒரே நாளில், பிரிக்காமல், ஒரே ஆளிடம் விற்றார். அவசரத்துக்கு விற்கக் கூடாது என்ற தம் விதியை அவர் மீறியது அந்த ஒருமுறைதான். கிறிஸ்துமஸ் விருந்தில் அதைப் பற்றித்தான் புலம்பினார். விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய் சொன்னதைப் பற்றி இல்லை. "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா பித்தளை எங்கியோ போயிருக்கும்" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கேக்கை எல்லோருக்கும் அவர்தான் வெட்டிக் கொடுத்தார். என் பங்கை நான் காகிதத்தில் சுற்றி வெளியே தெருநாய்க்குப் போட்டேன். பல வருடம் கழித்து அவர் இறந்தபோது, 'எதையும் வீணாக்காத மனிதர்' என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பூந்தமல்லி போகிற ஷேர் வேனில் பிரஸ்ஸம்மாவைப் பார்த்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என்னைப் பார்த்ததும் அதே பெரிய குரலில் "தம்பி, நல்லா கீறியா? அக்கா எப்டி கீறாங்க?" என்று கேட்டார். பெண் நர்ஸ் படிப்பதாகச் சொன்னார். மோதிரம் இருக்கிறதா என்று கேட்க நினைத்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அவரே சொன்னார்.

"அத்த உண்டியல்ல போட்டுட்டேன்பா. பத்து வாட்டி கழுவுனேன். அந்தாளு எச்சி போவவே இல்ல."

உண்டியலில் விழுகிற செம்பையும் ஒருநாள் யாரோ எடைபோட்டு விற்கத்தான் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கோயில் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

சென்ற மாதம் பட்டறையை ஒழித்த அன்று, பழைய இரும்பு எடுக்க வந்த இளைஞர் தட்டையான மின்னணுத் தராசோடு வந்திருந்தார். மரியாதையானவர். "தனித்தனியா பிரிச்சு வச்சா இன்னும் கூட வரும் சார். நானே ஆள் வச்சுப் பிரிச்சுத் தரேன்" என்றார். "வேண்டாம். எல்லாத்தையும் ஒண்ணாவே எடுத்துக்குங்க" என்றேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயதாகிவிட்டது; முழங்கால் வலி. "உங்க மாமா இருந்திருந்தா இதுக்கு இன்னும் நல்லா வாங்கியிருப்பாரு" என்றாள். "ஆமா, வாங்கியிருப்பாரு" என்றேன். கடைசியில் காந்தத்தை ஒரு பழந்துணியால் பிடித்து ஆணியிலிருந்து எடுத்து இரும்புக் கூடைக்குள் போட்டேன். விழுந்ததும் உள்ளே கிடந்த ஒரு கீலை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இளைஞர் இழுத்துப் பார்த்தார். "வர மாட்டேங்குது சார். அப்படியே எடை போட்டுடவா?"

"போடுங்க."

குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "பையன் வாங்கிக் குடுத்தான். ராத்திரி முழுக்க செம்பு பாட்டில்ல ஊறவச்ச தண்ணி. உடம்புக்கு ரொம்ப நல்லதாம்." பளபளவென்று தேய்த்த புதுச் செப்பு டம்ளர். தாகமாகத்தான் இருந்தது. உதட்டருகே கொண்டுபோனேன். கீழே வைத்துவிட்டேன்.